பண்ணைக்காட்டுக்கு அப்பால் ஐந்து மைல்: மூன்று நாளில் இரண்டு தடவை போன ஊர்

கோடைக்கானல் பயணம் பற்றி எழுதச் சொல்லி இந்தப் பக்கத்தில் சிலர் கேட்டிருந்தீர்கள். ஏரி, தூண் பாறை, படகு, குதிரைச் சவாரி பற்றியெல்லாம் எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பங்குனி மாதம் போன பயணம். நயா பைசா வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன, ஆனாலும் கண்டக்டர்கள் அணாவில்தான் கணக்குச் சொல்வார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. இப்போது எண்பது தாண்டிவிட்டது, முழங்கால் இரண்டும் ஓய்வு கேட்டுவிட்டன. அதனால் இந்தக் கட்டுரையில் வரும் தூரம் சரியாக இருக்கும், கட்டணம் மட்டும் உங்களுக்குச் சிரிப்பு மூட்டும்.

நான் சுற்றுலாவுக்குப் போகவில்லை. மதுரையில் ஒரு மில் குடும்பத்தார் நடத்திய தர்ம நிதியில் எனக்கு வேலை. கிராமங்களில் இருந்து விண்ணப்பங்கள் வரும். பள்ளிக்கூடத்துக்கு ஓடு, பிரசவ அறைக்குக் கட்டில், ஓடைக்குக் குறுக்கே நடைபாலம் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தேவை. பாதிச் செலவை நிதி கொடுக்கும், மீதியை ஊர் தன் உடல் உழைப்பாகக் கொடுக்க வேண்டும். கொடுக்கலாமா வேண்டாமா என்பதைச் சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் கூடும் கமிட்டி முடிவு செய்யும். வருஷத்துக்கு ஒரே ஒரு கூட்டம்தான். அந்தக் கமிட்டிக்கு ஊரைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிற ஆள் நான். களப் பார்வையாளர் என்று கௌரவமான பெயர் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் நிதியில் இரண்டு விதிகள் உண்டு, கதைக்கு அவை முக்கியம். ஒன்று, போவதற்குப் பதினைந்து நாளைக்கு முன்பே ஊருக்குக் கடிதம் போட வேண்டும். சொல்லாமல் போய் நிற்பது போலீஸ்காரன் வேலை, தர்மம் செய்கிறவன் வேலை அல்ல என்று நிதியைத் தொடங்கிய பெரியவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இரண்டாவது, இருபத்திரண்டு கேள்விகள் கொண்ட ஒரு படிவம். அதன் தலையில் தடித்த எழுத்தில் ஒரு வாசகம்: 'நேரில் கண்டதை மட்டும் எழுதுக.' நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவன். கேள்விப்பட்டதை எழுத மாட்டேன், பரிதாபப்பட்டு எழுத மாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மாதத்தில் இருபது நாள் பஸ்ஸிலும் நடையிலும் போகும். மீதிப் பத்து நாள் வடக்குமாசி வீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறை. அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கூடப் பிறந்தவர்கள் இல்லை. சாப்பாடு மெஸ்ஸில். அறையில் ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரே ஒரு டம்ளர். இரண்டாவது டம்ளருக்கு நான்கு வருஷமாகத் தேவை வரவில்லை. அதைச் சொன்னால் என் நிலைமை உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

இனிப் பயணம். காலை 5.45க்கு மதுரையில் கோடை பஸ். ஊத்து என்ற இடம் வரை டிக்கெட் 2 ரூபாய் 60 நயா பைசா. 7.30க்கு வத்தலக்குண்டு, அங்கே இருபது நிமிஷம் நிற்கும். இட்லி சுமார், காப்பி பரவாயில்லை. அதற்கப்புறம் மலைப்பாதை. ஜன்னல் ஓரம் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிவிட்டு, பத்தாவது வளைவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் போனால் நடு சீட்டில் உட்காருங்கள், எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும். 9.40க்கு ஊத்தில் இறங்கினேன். பஸ் மேலே போனதும் அந்த இடத்தில் ஒரு டீக்கடையும் நானும் மட்டும் மிஞ்சினோம்.

ஊத்திலிருந்து பண்ணைக்காட்டுக்கு ஐந்து மைல். காசிம் பாய் என்பவருடைய ஜீப் ஓடிக்கொண்டிருந்தது, ஆளுக்கு 50 நயா பைசா. காசிம் பாய் மிளகு, காப்பிக்கொட்டை வாங்கி விற்கிறவர், பழனிக்காரர். ஐம்பது வயதிருக்கும். மலைக்கு மேலே ஜீப் போகாத ஊர்களிலிருந்து மூட்டை இறக்க நாலு மட்டக்குதிரைகளும் வைத்திருந்தார். என் கைப்பெட்டியைப் பார்த்ததுமே நான் யார் என்று கண்டுபிடித்துவிட்டார்.

"மதுரை தர்ம நிதி சார்தானே? ஒங்களுக்காகத்தான் ஊரே காத்துக் கெடக்கு. வெரசா ஏறுங்க."

பண்ணைக்காட்டில் இறக்கிவிட்டு வழியும் சொன்னார். "ஒரே தடம்தான். காப்பித் தோட்டம் முடிஞ்சதும் ஏத்தம். எங்கயும் வெலகாம போங்க. தாகம் எடுத்தா இங்கயே குடிச்சிட்டுப் போயிருங்க."

கடைசி வாக்கியத்தை நான் சரியாகக் காதில் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை.

நடை ஐந்து மைல். 10.45க்குக் கிளம்பி 1.15க்குப் போய்ச் சேர்ந்தேன். முதல் இரண்டு மைல் காப்பிச் செடிகள், மேலே நிழல் மரங்களில் மிளகுக்கொடி, இடையிடையே மலைவாழை. அதற்கப்புறம் மொட்டை ஏற்றம். வழியில் எதிர்ப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. தனியாக நடப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அன்றைக்கு என் செருப்புச் சத்தத்தை மட்டும் இரண்டரை மணி நேரம் கேட்டுக்கொண்டே நடந்ததில், நான் பாதியில் விழுந்து கிடந்தால் மதுரையில் யார் தேடுவார்கள் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். மெஸ்காரர் தேடுவார், மாதப் பணம் பாக்கி இருந்தது.

ஊர் பெயரை எழுதப்போவதில்லை. நாற்பது வீடுகள், ஒரு கோயில், ஓராசிரியர் பள்ளி. விண்ணப்பம் தண்ணீர்க் குழாய்க்காக. ஊருக்கு மேலே ஒன்றேகால் மைலில், காட்டெருமைக்குப் பயந்து பெண்கள் குடத்தோடு போகாத சோலைக்காட்டுக்குள் வற்றாத சுனை ஒன்று இருக்கிறது. அங்கிருந்து இரும்புக் குழாய் போட்டால் தண்ணீர் தானாக இறங்கி ஊருக்கு வந்துவிடும். விண்ணப்பத்தை எழுதியவர் பள்ளியின் ஆசிரியை, பாக்கியம் டீச்சர். கையெழுத்து அச்சுப்போல இருக்கும். 'கோடையில் பெண்கள் ஓடைக்கு இறங்கி ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர மூன்று மணி நேரம் ஆகிறது' என்று எழுதியிருந்தார்.

நான் கண்டது வேறு. ஊர் எல்லையிலேயே ஒரு அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, கால் கழுவச் சொம்பு நீட்டினார்கள். தெரு முழுக்கச் சாணம் தெளித்திருந்தது. வீட்டுக்கு வீடு வாசலில் குடங்கள், எல்லாம் கழுத்துவரை நிறைந்திருந்தன. மாட்டுத் தொட்டி ததும்பியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தலைக்குக் குளித்து எண்ணெய் வழிய நின்றார்கள். ஊர்ப் பெரியதனக்காரர் வெள்ளைவேட்டி கட்டி, தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். ஊரின் நல்லது கெட்டதற்கு அவர் வார்த்தைதான் கடைசி.

"வாங்கய்யா. நடந்து களைச்சிருப்பீங்க. வெந்நி போட்டு வச்சிருக்கோம், மொதல்ல குளிங்க. அப்புறம் மத்தது."

ஒரு பெரிய செம்பு அண்டாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் விளாவப் பச்சைத் தண்ணீர் இன்னொரு அண்டா. எனக்கு மட்டும்! அம்மா போனதற்குப் பிறகு எனக்கென்று யாரும் வெந்நீர் போட்டது கிடையாது. சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டேன், முதுகுவலி போகிற வரைக்கும் குளித்தேன். மீதி இருந்ததையும் வீணாக்குவானேன் என்று காலில் ஊற்றிக்கொண்டேன். அந்த ஐந்து நிமிஷத்துக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சாப்பாடு முடிந்து படிவத்தை விரித்தேன். டீச்சர் எதிரே நின்றார். முப்பது வயதிருக்கலாம், பழனி டவுன் பெண். அப்பா கோயிலில் பூக்கட்டும் ஊழியம். கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவர் காய்ச்சலில் இறந்துவிட்டாராம், அதன் பிறகு இந்த வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறதாம். ஊர்க்காரர்கள் மரியாதையாக வைத்திருந்தார்கள். இருந்தாலும் அவர் அந்தக் கூட்டத்தில் தனியாகத்தான் நின்றார். தனியாக நிற்கிறவர்களை எனக்கு உடனே தெரிந்துவிடும்.

"தண்ணீர்க் கஷ்டம் என்று எழுதியிருந்தீர்களே?" என்றேன்.

டீச்சர் பெரியதனக்காரரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"ஓடைக்குப் போய்ப் பார்த்துட்டு வரலாம் சார்," என்றார் டீச்சர். "நானே கூட்டிட்டுப் போறேன்."

"நல்லா இருக்கும்மா," என்று பெரியதனக்காரர் குறுக்கிட்டார். "வந்த விருந்தாளியக் கிடுகிடு பள்ளத்துல எறக்கிவிடுறதா? ஐயாவுக்கு இங்க எதுல கொறை வச்சோம்? எங்களுக்கு ஒண்ணும் கொறையில்லய்யா. கொழாய் வந்தா இன்னும் சௌகரியம், அம்புட்டுத்தான்."

டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை: போகலாம். ஆனால் குளித்த சுகம், வயிறு நிறைந்த கிறக்கம், கெண்டைக்கால் இரண்டும் இறுகிப் போயிருந்தன. "பரவாயில்லை, இங்கே பார்த்ததே போதும்" என்றேன். டீச்சர் தலையை ஆட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டார். அன்றிரவு கோயில் மண்டபத்தில் படுக்கை. காலையிலும் ஒரு அண்டா வெந்நீர் இருந்தது.

மறுநாள் 7 மணிக்குக் கிளம்பி, அதே வழியில் ஊத்துக்கு வந்து, 11.15 பஸ்ஸில் கோடைக்கானல். 12.45க்குப் போய்ச் சேர்ந்தேன். அறிக்கையைக் கையோடு எழுதித் தபாலில் சேர்க்க வேண்டும் என்பதற்காக நிதி எனக்குக் கோடையில் ஒரு ராத்திரி தங்க அனுமதி கொடுத்திருந்தது. பஜாரில் ஒரு லாட்ஜ், அறை 3 ரூபாய், கம்பளிக்கு நாலணா தனி.

சீசன் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கோட்டுப் போட்டுக்கொண்டு வரிசையாகப் போனார்கள். புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் ஏரியைச் சுற்றினார்கள். நானும் சுற்றினேன், மூன்று மைல். ஒரு மணி பத்து நிமிஷம் ஆயிற்று, ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு கடையில் ஏரிப் படம் போட்ட கார்டு ஒன்று 15 நயா பைசாவுக்கு வாங்கினேன். லாட்ஜில் உட்கார்ந்து விலாசம் எழுதப் பேனாவைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, அனுப்ப எனக்கு ஆள் இல்லை. கார்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் படிவத்தை எடுத்தேன்.

கேள்வி ஒன்பது: 'தற்போது தண்ணீர் வசதி எப்படி?' நேரில் கண்டதை மட்டும் எழுதினேன். 'எல்லா வீடுகளிலும் தண்ணீர் போதிய அளவு உள்ளது. கால்நடைக்கும் உண்டு. அவசரத் தேவை எனத் தோன்றவில்லை.' மாலை 4 மணித் தபாலில் சேர்த்துவிட்டு, கடமையை முடித்தவனாகக் கம்பளிக்குள் புகுந்தேன்.

மூன்றாம் நாள் காலை 8 மணி பஸ்ஸில் திரும்பினேன். 9.30க்கு ஊத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். டீக்கடையில் காசிம் பாய் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டார்.

"என்ன சார், கொழாய் வந்துருமா?"

இதையெல்லாம் நாங்கள் வெளியே சொல்லக்கூடாது. ஆனாலும் அவர் கேட்ட விதத்தில் சொல்லிவிட்டேன். "அங்கே தண்ணீருக்கு ஒன்றும் குறைவில்லையே, பாய். வீட்டுக்கு வீடு நிறைந்திருக்கிறது."

காசிம் பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"சார், அது ஒங்களுக்காகச் சொமந்த தண்ணி. நீங்க வர்றீங்கன்னு ரெண்டு நாளு ஒருத்தரும் சோலிக்குப் போகல. ஏங்கிட்ட வந்து நாலு மட்டக்குதிரையும் கேட்டு வாங்கிட்டுப் போனாக. மண்ணெண்ணெய்த் தகரத்தக் கழுவிக் கட்டி, மேல சோலைச் சுனைக்கும் ஊருக்கும் எத்தன நடை நடந்தாகளோ. மதுரைலேர்ந்து வர்ற மனுசன் முகம் கழுவத் தண்ணி இல்லாம நின்னா ஊருக்கு அசிங்கமாம். இப்பப் போய்ப் பாருங்க, தெரியும்."

என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை. தண்ணீர் கேட்டு விண்ணப்பம் போட்ட ஊர், தண்ணீர் இல்லாததை விருந்தாளிக்குக் காட்டக் கூசியிருக்கிறது. அந்தத் தண்ணீரையே நான் காலில் ஊற்றிக்கொண்டு, அவர்களுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று எழுதித் தபாலில் போட்டிருக்கிறேன். பஸ் ஹாரன் அடித்தது. பெட்டியை இறக்கிக்கொண்டு, "ஜீப்பை எடுங்கள் பாய்" என்றேன். அவர் என்னிடம் காசு வாங்கவில்லை.

12.50க்கு ஊருக்குள் நுழைந்தேன். சாணம் தெளித்த தெரு காய்ந்து வெடித்திருந்தது. வாசல்களில் குடங்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், தொட்டி காலி. நாய் ஒன்று தொட்டியின் அடியை நக்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. ஒரு கிழவரிடம் கேட்டேன், கீழே கை காட்டினார். இந்தத் தடவை நான் இறங்கினேன். சரியாக முப்பத்தைந்து நிமிஷம் இறக்கம், சில இடங்களில் உட்கார்ந்து சறுக்க வேண்டியிருந்தது.

ஓடை என்று பெயர், வெறும் பாறை. ஒரு பாறை இடுக்கில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. இருபது இருபத்தைந்து பெண்கள் குடத்தை வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி குனிந்து சிரட்டையால் மோந்து, துணியைக் கட்டிய குடத்துக்குள் ஊற்றினாள். சிரட்டை நிறையக் காத்திருந்தாள், மறுபடியும் மோந்தாள். வரிசையில் பாக்கியம் டீச்சரும் உட்கார்ந்திருந்தார், அவருக்கு முன்னால் பதினோரு குடம்.

என்னைப் பார்த்ததும் ஒரு பெண் அவசரமாகத் தன் சேலைக் கிழிசலை இழுத்து மறைத்தாள். இன்னொருத்தி குடத்தை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. அதற்குள் விஷயம் தெரிந்து பெரியதனக்காரர் மூச்சிரைக்க இறங்கி வந்தார். வெள்ளைவேட்டி இல்லை, கோவணத்துக்கு மேல் ஒரு துண்டு.

"சொல்லாம வந்துட்டீங்களேய்யா," என்றார். கோபம்கூட இல்லை, குரல் உடைந்து போயிருந்தது. "ஒரு சொல்லு வெள்ளனே சொல்லிவிட்டிருந்தா..."

"சொல்லியிருந்தால் மறுபடியும் சுமந்திருப்பீர்கள்," என்றேன்.

"சொமந்திருப்போம். அதுக்கென்ன? இப்ப ஒங்களுக்குக் கையக் கழுவத் தண்ணி இல்ல. இந்தக் கோலத்துல எங்களப் பார்த்துட்டீங்க."

முன்னால் இருந்த பெண் ஒருத்தி தான் மோந்த சிரட்டைத் தண்ணீரை என்னிடம் நீட்டினாள். வேண்டாம் என்றால் அது இன்னும் பெரிய அவமானம். குடித்தேன். மண் வாசனை, அடியில் கொஞ்சம் மணல். அவள் காத்திருந்து சேர்த்த தண்ணீர் இரண்டு மடக்கில் முடிந்துவிட்டது.

டீச்சர் எழுந்து என் பக்கத்தில் வந்தார். அடங்கிய குரலில் சொன்னார்: "விண்ணப்பம் எழுதுறதுக்கே ஆறு மாசம் சண்டை போட்டேன் சார். தண்ணி இல்லன்னு ஊருக்கு வெளிய சொல்லக்கூடாதுன்னாங்க. நீங்க அன்னிக்கு என்கூட வரேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் ஒருத்தி கெட்ட பேர் வாங்கிட்டுப் போயிருப்பேன். இப்ப எல்லாரும் தல குனிஞ்சு நிக்கிறாங்க. பார்த்துட்டீங்கல்ல, போங்க சார். நிக்காதீங்க."

நான் ஏறி வந்தேன், ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. வெறுங்கையோடு ஏறவே மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். பண்ணைக்காட்டில் காசிம் பாயின் மிளகு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டாவது படிவத்தை எழுதினேன்.

மதுரையில் செயலாளர் இரண்டு படிவங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஒரே ஊர், ஒரே ஆள், ரெண்டு நாள் வித்தியாசம். எதைய்யா நான் கமிட்டியில வாசிக்கிறது?"

"ரெண்டையும் வாசிங்க சார். ரெண்டுமே நேர்ல கண்டதுதான்."

வாசித்தார்கள். குழாய்க்கு அனுமதி கிடைத்தது. முன்னறிவிப்பில்லாமல் ஒரு ஊருக்குள் நுழைந்ததற்காக எனக்கு எழுத்துமூலம் கண்டனமும் கிடைத்தது. மலைப்பக்கம் இனி வேறு ஆள் போவார், நான் ராமநாதபுரம் பக்கம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் முடிவாயிற்று. முன்கடிதம் போடும் விதியை அவர்கள் மாற்றவில்லை, அது எனக்கும் சரியென்றே பட்டது. ஆனால் படிவத்தில் இருபத்து மூன்றாவதாக ஒரு கேள்வி சேர்ந்தது: 'தண்ணீர் எடுக்கும் இடம்வரை நடந்து சென்றீரா?' அந்த நிதிக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

ஊர் மொத்தமும் சேர்ந்து குழாய்க்குப் பள்ளம் வெட்டியதாகவும், ஐப்பசி மழைக்கு முன்பே குழாய் இறங்கிவிட்டதாகவும் அலுவலகத்தில் கேள்விப்பட்டேன். திறப்பு விழாவுக்குச் செயலாளருக்கு அழைப்பு வந்தது. எனக்கு வரவில்லை. வராது என்று தெரியும், இருந்தாலும் அந்த வாரம் முழுக்கத் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பெட்டிக்குள் கிடந்த ஏரிப் படக் கார்டு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட விலாசம் எழுதி, 'தண்ணீர் வருகிறதா?' என்று மட்டும் கேட்டுப் போட்டேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது, அதே அச்சுக் கையெழுத்து.

'தண்ணீர் வருகிறது. பள்ளி வாசலில் ஒரு குழாய், கோயிலுக்கு எதிரே ஒரு குழாய். ஐயா எப்போது வருவார் என்று பெரியதனக்காரர் கேட்கிறார். வருவதானால் முன்னாடியே எழுதிவிட்டு வாருங்கள். பாக்கியம்.'

அந்தக் கார்டை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கார்த்திகை இரண்டாம் சனிக்கிழமை மத்தியானம் வருகிறேன் என்று பதில் எழுதினேன். பிறகு கடைக்குப் போய் இன்னொரு டம்ளர் வாங்கினேன். எதற்கு என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

அந்தச் சனிக்கிழமை 5.45 பஸ். 7.30க்கு வத்தலக்குண்டு. இறங்கிக் காப்பி குடித்தேன், இன்னொரு காப்பியும் குடித்தேன். டீச்சர் அன்றைக்கு ஓடையில் நின்ற முகம் கண்ணுக்குள் வந்தது. எந்த முகத்தோடு போய் நிற்பது என்று ஒரு பயம். எனக்காக ஒரு இடத்தில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்பதே எனக்குப் பழக்கமில்லாத சங்கதி, அது இன்னொரு பயம். "கோடை, கோடை! யாரும் பாக்கி இருக்கா?" என்று கண்டக்டர் கூவினார். நான் காப்பிக்கடைத் தூணுக்குப் பின்னால் நின்றேன். பஸ் போய்விட்டது. 8.20க்கு மதுரை பஸ் ஏறினேன்.

வரமுடியவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம், எழுதவில்லை. டீச்சரும் அதன் பிறகு எழுதவில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வத்தலக்குண்டு, ஊத்து, பண்ணைக்காடு என்ற வழி இப்போதும் அதுதான். பஸ் நேரமும் கட்டணமும் விசாரித்துக்கொள்ளுங்கள், என்னுடையதை நம்பாதீர்கள். பங்குனி சித்திரையில் மலை காய்ந்து கிடக்கும், ஐப்பசியில் வழுக்கும். மார்கழி, தை நல்ல காலம், கம்பளி வேண்டும். மலை ஊர்களில் உங்களுக்கு முன்னால் வைக்கப்படும் சொம்பு எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை யோசித்துவிட்டுக் குடியுங்கள். உதவி செய்யப் போகிறவர்களாக இருந்தால், யாராவது ஒருவர் பள்ளத்தைக் காட்டி வாருங்கள் என்று கூப்பிட்டால், கால் வலித்தாலும் இறங்கிவிடுங்கள்.

முக்கியமானது இது. வருகிறேன் என்று எழுதினால் போய்விடுங்கள். அந்தக் கார்த்திகைச் சனிக்கிழமை அந்த ஊரில் எனக்காகத் தெருவில் சாணம் தெளித்திருப்பார்கள். செம்பு அண்டாவில் வெந்நீர் கொதித்திருக்கும். சாயங்காலம் வரை விறகு தள்ளியிருப்பார்கள், அப்புறம் ஆறவிட்டிருப்பார்கள். இத்தனை வருஷத்தில் எனக்கு இருக்கும் ஆறுதல் ஒன்றே ஒன்றுதான். அந்தத் தண்ணீரை யாரும் சுமந்து வந்திருக்க மாட்டார்கள்.